கைப்பேசி படித்துக் காட்டினால் பிள்ளை படிக்காமல் போய்விடுவானா?

கேள்வி: சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் குலை வெட்டுகிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். மூன்று ஆண்டுகள் குறைநீக்கல் வகுப்புக்குப் போயும் இன்னும் ஒரு பத்தியை வாசிக்க அரை மணி நேரம் திணறுகிறான். வாயால் கேட்டால் மட்டும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். ஈப்போவில் இருக்கும் என் தங்கை, இது டிஸ்லெக்சியாவாக (அறிவில் குறையில்லாத பிள்ளைக்கும் வாசிப்பில் வரும் சிக்கல்) இருக்கலாம் என்று சொல்லி, பாடத்தைப் படித்துக் காட்டும் வசதியைக் கைப்பேசியில் அமைத்துக் கொடுத்தாள். அன்றிரவு அறிவியல் பாடம் ஒன்றை முழுதாகக் கேட்டுவிட்டு அத்தனை கேள்விகளுக்கும் பதில் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவரோ இது ஏமாற்று வேலை, இப்படியே விட்டால் பையன் கடைசிவரை எழுத்துக்கூட்டக் கற்க மாட்டான் என்கிறார். அவரும் வாசிக்க வராமல் பள்ளியைப் பாதியில் விட்டவர்தான். “என் மண்டைதான் அவனுக்கும்” என்று அடிக்கடி சொல்வார். வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எதைக் கேட்பது? - பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கணவரின் அச்சத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஒரு குரல் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் எழுத்துக்கூட்ட வந்துவிடாது. அதற்குத் தனியாக, பொறுமையாக, நாள்தோறும் பயிற்சி வேண்டும். ஆனால் வாசிக்கக் கற்பது ஒரு வேலை, வாசித்துக் கற்பது இன்னொரு வேலை. முதல் மூன்று ஆண்டுகளில் பள்ளி பெரும்பாலும் முதல் வேலையைச் செய்கிறது. நான்காம் ஆண்டில் வரலாறு புதிய பாடமாக வந்து சேர்கிறது, அறிவியல் பத்திகள் நீள்கின்றன, கணிதம்கூடப் பிரச்சனைக் கணக்குகளாக மாறி முதலில் நான்கு வரிகளை வாசித்தாக வேண்டும் என்கிறது. எழுத்துக்கூட்ட வரும்வரை காத்திரு என்று அந்தப் பிள்ளையை நிறுத்திவைத்தால், அவன் இழப்பது வாசிப்பை மட்டுமல்ல, வரலாற்றையும் அறிவியலையும் சேர்த்துத்தான். கைப்பேசியின் குரல் இரண்டாவது வேலைக்கு உரியது. முதல் வேலையை அதனிடம் ஒப்படைக்காத வரையில் அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 1896-ல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அறிவில் குறைவில்லாத, விளையாட்டில் மற்ற பிள்ளைகளுக்குச் சளைக்காத அந்தச் சிறுவனுக்கு வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அந்தக் குறிப்பில் இருக்கிறது. டிஸ்லெக்சியா பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் இது ஒன்று. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து உங்கள் வீட்டில் அதே காட்சியைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஆசிரியரின் கையில் குரல் கொடுக்கும் கருவி இல்லை. உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் மகனை நேரில் பார்க்காமல் அவனுக்கு டிஸ்லெக்சியா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் அது எப்படி வெளிப்படும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலரும் ஆங்கிலத்துக்குச் சொல்லப்பட்ட அடையாளங்களைத் தமிழ்ப் பிள்ளையிடம் தேடி ஏமாறுகிறார்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில் பி (b), டி (d) இரண்டும் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பியிருக்கும். பிள்ளை அவற்றை மாற்றி எழுதினால் உடனே கண்ணில் படும். தமிழில் அப்படிப்பட்ட இணை எழுத்துகள் இல்லை. நம் எழுத்தின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘தொலைபேசி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்து தரும் ஒகர ஒலி தகர ஒலிக்குப் பிறகுதான் வருகிறது. ‘லை’, ‘பே’ இரண்டிலும் அப்படியே: கண் முதலில் பார்ப்பதை வாய் பின்னால் சொல்ல வேண்டும். நான்கு எழுத்துச் சொல்லில் மூன்று எழுத்துகள் இந்தப் பின்னோக்கிய வேலையைக் கேட்கின்றன. மற்றப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் இது கைவந்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வது போல் இருக்கும். கொம்பை விட்டுவிடுவான், ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்புவான், துணைக்காலை ரகரம் என்று வாசிப்பான். ஒரு வரியில் சரியாக வாசித்த சொல்லை அடுத்த வரியில் தெரியாது என்பான். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது மிக எளிது. நானும் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் சில பிள்ளைகளை அப்படித் திட்டியிருக்கிறேன், அதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

இதோடு நம் ‘க’ ஒன்றே கடலில் ஓர் ஒலியும், தங்கத்தில் இன்னோர் ஒலியும், பகலில் வேறோர் ஒலியும் பெறுகிறது. மலாய் மொழி அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகளை வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இன்னும் குழப்பமானது. முதலாம் ஆண்டிலிருந்து நம் பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒன்றாகச் சுமக்கிறார்கள். உங்கள் மகன் மலாய் வாசிப்பில் தமிழைவிடச் சற்று முன்னால் இருந்தால் வியப்படைய வேண்டாம்.

குரல் வசதிக்கு நான் இவ்வளவு பரிந்து பேசுவதற்குத் தமிழுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. வீட்டில் நாம் “வந்துட்டான்” என்கிறோம். புத்தகம் “வந்துவிட்டான்” என்கிறது. எழுத்துத் தமிழ் ஒரு பிள்ளையின் காதில் இயல்பாக விழுவதில்லை. கோயில் சொற்பொழிவிலும் வானொலிச் செய்தியிலும் கொஞ்சம் விழும். மற்றபடி அது புத்தகத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்த ஒரே வழியும் அடைபட்டிருப்பதால், பத்து வயதிலும் ‘ஆகவே’, ‘இருப்பினும்’, ‘காணப்படுகிறது’ போன்ற சொற்கள் அவனுக்கு அன்னியமாகவே இருக்கின்றன. பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தாலும், வாசித்த சொல் தெரியாத சொல்லாக இருப்பதால் சரியாக வாசித்தோமா என்று அவனுக்கே தெரிவதில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் பாடப் பகுதியைக் காதால் கேட்கும் பிள்ளை, நாளை அதே சொல்லை அச்சில் பார்க்கும்போது ஏற்கெனவே அறிந்த ஒருவரைச் சந்திப்பது போல் சந்திப்பான். வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளிடம் படித்துக் காட்டும் கருவிகளைப் பயன்படுத்திய பல ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வெளிவந்த ஒரு மீளாய்வும், பொருள் புரிந்துகொள்வதில் இவை உதவுகின்றன என்றே கண்டது. அந்த உதவி மிதமான அளவில்தான் இருந்தது. பேரற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் ‘செலக்ட் டு ஸ்பீக்’ என்ற வசதி இருக்கிறது. திரையில் உள்ள பத்தியைத் தொட்டால் படித்துக் காட்டும். உங்கள் தங்கை அநேகமாக இதைத்தான் அமைத்திருப்பார். தோட்டத்தில் இணைய இணைப்பு நிற்காது என்பது எனக்குத் தெரியும், ஆகவே ஈப்போவுக்குப் போகும்போது தமிழ், மலாய், ஆங்கிலக் குரல் கோப்புகளைக் கைப்பேசியிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பிறகு இணைப்பு இல்லாமலும் படிக்கும். வேகத்தைக் குறைத்துவையுங்கள். வழக்கமான வேகத்தில் காது தொடரும். கண் தொடராது, அவன் விரலும் வரியைப் பின்பற்ற முடியாது. கேட்கும்போது புத்தகம் திறந்திருக்க வேண்டும், விரல் வரியின் கீழ் நகர வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. கல்வி அமைச்சு 2020-ல் தொடங்கிய டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தில் உங்கள் மகனுக்கும் ஓர் அடையாளக் கணக்கு இருக்கும். மறந்துபோயிருந்தால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அதன் வழியாக மைக்ரோசாஃப்ட் செயலிகளில் உள்ள ‘இமெர்சிவ் ரீடர்’ வசதியைப் பயன்படுத்தலாம். அது எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை அகலமாக்கும், ஒன்று அல்லது மூன்று வரிகளை மட்டும் வெளிச்சமாகக் காட்டி மற்றதை மங்கலாக்கும், படிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டும். அதே நிறுவனத்தின் எட்ஜ் உலாவியில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்ற இரண்டு குரல்கள் இருக்கின்றன. சென்னைக் குரலைவிட அவை நம் பிள்ளைகளின் காதுக்கு நெருக்கமாக இருக்குமா என்பதை உங்கள் மகனே சொல்லட்டும். குரலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவனிடமே கொடுங்கள்.

அச்சிட்ட பக்கத்துக்குக் கூகுள் லென்ஸ் போதும். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் பக்கத்தைப் படமெடுத்து, எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, படிக்கும் குரலிடம் கொடுக்கலாம். ஆசிரியர் கையால் எழுதிய பயிற்சித் தாளில் இது தடுமாறும். இன்னொரு தடையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தமிழ் மின்கோப்புகள் சில இன்னும் பழைய எழுத்துரு முறையில் இருக்கின்றன, கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை பொருளற்ற குறிகள், ஆகவே குரல் ஏதேதோ உளறும். அப்போது உங்கள் கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைக்காமல், அந்தப் பக்கத்தையும் படமெடுத்தே படிக்கவிடுங்கள். வரியின் மேல் நகர்த்தினால் படிக்கும் பேனா போன்ற கருவிகளை யாரேனும் விற்க வந்தால், அவை முதன்மையாக ஆங்கிலத்தையும் ஐரோப்பிய மொழிகளையும் நோக்கிச் செய்யப்பட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பாடத்துக்கென்று அவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டாம்.

எழுதுவதற்கும் துணை இருக்கிறது. குரல் தட்டச்சில் மலேசியத் தமிழ் தனியாகவே உண்டு. அவன் பேச்சுத் தமிழில் சொன்னால் அது குழம்பும், இடையில் மலாய்ச் சொல் வந்தால் இன்னும் குழம்பும். ஆகவே கருவிக்குப் புரிய வேண்டுமே என்பதற்காகவே அவன் புத்தகத் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுவான். கட்டுரை எழுத உட்காரும்போது முதலில் இப்படிச் சொல்லவைத்து, பிறகு அதைப் பார்த்துக் கையால் எழுதவையுங்கள். தட்டச்சு செய்யவும் கற்றுக்கொடுங்கள். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அதில் ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் ககரத்தையும் பிறகு ஒகரத்தையும் அழுத்த வேண்டும். கொம்பு முன்னால் வருமா பின்னால் வருமா என்ற கவலையே இல்லை. காது கேட்கும் வரிசையில் விரல் அழுத்துகிறது, எழுத்து தானாகச் சரியான வடிவத்தில் வந்து நிற்கிறது. ஒலிக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவை ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துக் கற்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

உங்கள் கணவர் கேட்கும் பாதிக்கு இப்போது வருகிறேன். நாள்தோறும் இருபது நிமிடம் கைப்பேசியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். அந்த இருபது நிமிடம் எழுத்துக்கு மட்டும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லிப் படித்தார்கள். நாமும் இன்று ஏடு தொடங்கும்போது அரிசியில் எழுதவைக்கிறோம், ஒரே ஒரு நாள் மட்டும். கண், காது, வாய், விரல் நான்கையும் ஒன்றாகச் சேர்க்கும் அந்த முறையைத்தான் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சியும் வேறு பெயரில் செய்கிறது. ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, ஒரு நாளைக்கு ஒரு மெய்யொலி மட்டும் எடுத்து, க, கெ, கே, கொ, கோ என்று சொல்லிக்கொண்டே எழுதட்டும். பிறகு அன்று எழுதிய எழுத்துகள் வரும் ஐந்து சொற்களை வாசிக்கட்டும். மைலோ பெட்டி அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டிக் கொடுத்தால் கண் அடுத்த வரிக்குத் தாவாது. இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். களைத்த மூளையில் எழுத்து நிற்காது, வெறுப்பு மட்டும் நிற்கும்.

வண்ணக் கண்ணாடியை வாங்க வேண்டாம். டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள குறை அல்ல. எழுத்தை ஒலியோடு இணைக்கும் மூளையின் வேலையில் உள்ள வேறுபாடு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், நிறக் கண்ணாடிகளுக்கும் கண் பயிற்சிகளுக்கும் போதிய சான்று இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. டிஸ்லெக்சியாவுக்கென்றே வரைந்த சிறப்பு எழுத்துருக்களைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அவை ரோமன் எழுத்துக்கானவை, அவற்றாலும் குறிப்பிடத்தக்க பலனை ஆய்வுகள் காணவில்லை. எழுத்துகளுக்கு இடையே அகன்ற இடைவெளி விட்டால் வாசிப்பு மேம்படுவதை 2012-ல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் கண்டார்கள். இடைவெளியை அகலமாக்கப் பணம் தேவையில்லை.

கண்ணையும் காதையும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு முறை சோதித்துவிட்டு, பள்ளியில் டிஸ்லெக்சியா பரிசீலனைப் பட்டியலை நிரப்பச் சொல்லுங்கள். கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்கென்றே அதை வைத்திருக்கிறது. அதன் முடிவோடு கிளினிக்கில் கேட்டால் ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மாற்றுத்திறனாளி அட்டை, சமூகநலத் துறையில் கற்றல் பிரிவின்கீழ் கிடைக்கும். அதைப் பதிவது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. அட்டை வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கும் பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தைக் கேட்டால் வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் பின்னாளில் எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் நேரமோ வினாவைப் படித்துக் காட்டும் ஆளோ கேட்க வேண்டி வந்தால், சான்று இருக்கும் பிள்ளைக்குத்தான் பள்ளி விண்ணப்பிக்க முடியும். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால், வகுப்பில் செய்ய வேண்டியதை ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள்: சோதனையில் வினாவை ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுவது, எல்லார் முன்னிலையிலும் அவனை வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, வாய்மொழிப் பதிலையும் ஏற்றுக்கொள்வது. இந்த மூன்றுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. பத்து வயதுப் பையனுக்கு இவற்றில் இரண்டாவதுதான் மிகப் பெரிய விடுதலை.

கடைசியாக உங்கள் கணவரைப் பற்றி. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு வருகிறது. “என் மண்டைதான்” என்று அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கலாம், ஆனால் அவர் நினைக்கும் பொருளில் இல்லை. அவர் மக்காக இருந்ததால் பள்ளியை விடவில்லை. அவர் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை என்பதுதான் நடந்திருக்கும். அவரிடம் இதை நீங்கள் வேறு விதமாகச் சொல்லலாம். செம்பனை இளமரமாக இருக்கும்போது குலையை உளியால் வெட்டுகிறார். மரம் உயர்ந்த பிறகு நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை எடுக்கிறார். வெட்டுவது அவர்தான், எட்டாத உயரத்துக்கு மட்டும் கம்பு. நான்காம் ஆண்டில் பாடம் உயர்ந்துவிட்டது, மகனின் கைக்கு எட்டவில்லை. இதை அவர் மற்ற எவரையும்விட எளிதாகப் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். அடுத்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் அவரும் மகனும் அதைச் சேர்ந்து படமெடுத்து, கைப்பேசியைப் படிக்கச் சொல்லட்டும். எங்கே அழுத்துவது என்று மகன் காட்டுவான். பிடித்தம் எதற்கு என்று அப்பா விளக்குவார். பள்ளியின் பரிசீலனை முடிவு வந்த பிறகு மறுபடி எழுதுங்கள். அதோடு எந்த எழுத்துகளில் தடுமாறுகிறான் என்று நீங்களும் குறித்து அனுப்புங்கள். அதைப் பார்த்து அந்த இருபது நிமிடத்துக்கான சொற்பட்டியலை நான் உங்களுக்குத் தயாரித்துத் தருகிறேன்.